பாக்கியநாதனின் லென்ஸ்

வாங்கிவிடலாம், வேண்டாம், பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று அந்த சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து மங்கையர்க்கரசிக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. பக்கத்தில் அவள் கணவர் கனகசபை லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். நெய்யில் விரல் போற மாதிரிப் போகுது பார் மங்கை என்றார். அவள் பார்த்தாள். லென்ஸைப் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைப் பார்த்தாள். காலையில் சட்டைப் பித்தானைப் போடத் தெரியாமல் முழித்த விரல்கள். மேல் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, கீழே ஒரு துளை மிச்சம் இருக்கிறதே, தையல்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்ன அதே விரல்கள்தான் இப்போது இந்தச் சின்ன ஜெர்மன் லென்ஸை, குழந்தையின் தலையைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டு, டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கின்றன. இவருக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்றுமே இல்லை, நாம்தான் வீணாகப் பயந்து சாகிறோம், வயசானால் யாருக்குத்தான் மறதி வராது. அப்படித் தோன்றிய நிமிஷமே, இந்த நினைப்பு இன்றைக்கு எத்தனையாவது தடவை வருகிறது என்றும் தோன்றியது. வெளியே பிற்பகல் வெயில் புரசைவாக்கத்தையே வறுத்துக்கொண்டிருந்தது. மூன்று மாடி ஏறி வந்ததில் அவளுக்கு ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த அறைக்குள் பொழுது என்ன என்றே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுவதும் காக்கி அட்டை ஒட்டி, ஓரத்தில் இண்டு இடுக்குகூட விடாமல் டேப் போட்டிருந்தது. பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. குடியிருக்கிற வீட்டில் எதற்கு ஜன்னலை இப்படி மூடி வைத்திருக்கிறார்கள்?

அந்த ஜன்னலிலிருந்து மனசை எடுக்க வேண்டும் என்று அவள் லென்ஸைப் பற்றியே நினைத்தாள். இவரிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் கடற்கரையில் அவளை நிற்க வைத்து, அந்தப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இரு, அசையாதே, இன்னும் ரெண்டு மங்கை தெரியறா, ஒண்ணாக்கிக்கறேன் என்பார். அந்த வகைக் காமிராவில் பார்த்தால் ஆள் ரெண்டாகத் தெரிவார்களாம், வளையத்தைத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் படம் தெளிவாக வருமாம். அதற்குள் அவளுக்குக் காற்றில் புடவை பறந்து, முடி கலைந்து, சிரிப்பு வந்துவிடும். அந்த லென்ஸை அவர்தான் துடைப்பார், அவர்தான் பிரிப்பார், அவர்தான் பூட்டுவார், வேறு யார் கையும் படக் கூடாது. மாசியில் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜை மேல் எவர்சில்வர் தட்டில் அது துண்டு துண்டாகக் கிடந்தது. கண்ணாடி வில்லைகள், பித்தளை வளையங்கள், எறும்பு மாதிரி திருகாணிகள். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், காலையில் போட்ட காபி பக்கத்தில் ஏடு கட்டியிருந்தது. என்னங்க இது என்று கேட்டதற்கு, அமுதன் கழட்டிப் போட்டுட்டான், எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறான் என்றார். அமுதன் அவர்கள் பிள்ளை. படித்து முடித்து, புனேயில் வேலையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டு இருப்பவன்.  அவள் தட்டை அப்படியே இன்னொரு தட்டால் மூடி பீரோ மேல் வைத்தாள். இன்றுவரை அமுதனிடமும் சொல்லவில்லை. என்ன சொல்வது? உன் அப்பா உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார், நீ இங்கே இல்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது என்றா?

விளம்பரத்தைப் பார்த்து ஃபோன் செய்தது அவள்தான். குரல் நல்ல குரலாக இருந்தது. வாங்க மேடம், வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க என்றது. ஆளும் நல்ல ஆளாகத்தான் இருந்தான், லூர்துராஜ் என்று பெயர், நாற்பத்தைந்து இருக்கும், முகத்தில் ரெண்டு நாள் தாடி. வந்தவுடன் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தான். கனகசபை லென்ஸை வாங்கிக்கொண்டதும் கேட்ட முதல் கேள்வி, யாரோடது இது என்பதுதான். அப்பாவோடது சார், பாக்கியநாதன்னு பேரு, ரயில்வேல இருந்தார், இந்த ஏரியாவுல பாதிக் கல்யாணப் படம் அவர் எடுத்ததுதான் என்றான் லூர்துராஜ். அவர் எங்கே என்று இவர் கேட்டார். அப்பா இல்லை சார் என்றான். மங்கைக்கு ஐயோ என்றிருந்தது, இவர் அதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ, வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதெல்லாம் சரிதான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து இவர் மறுபடியும் நிமிர்ந்து, அதே குரலில், ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்களே, யாரோடது இது என்று கேட்டார். அங்கேதான் அவளுக்கு முள் குத்தியது. இவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் எதிரே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள், பிறகு கண் மெல்ல அவள் பக்கம் திரும்பும். அவளும் உடனே ஏதாவது பேச்சை எடுத்துப் போட்டுவிடுவாள். லூர்துராஜ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொண்டு, முதல் தடவை சொன்னது போலவே, அப்பாவோடது சார், பாக்கியநாதன்னு பேரு என்று ஆரம்பித்து, அப்பா இல்லை சார் என்பதுவரை ஒரு சொல் மாறாமல் சொன்னான். அவசரம் இல்லை, அலுப்பு இல்லை. இவ்வளவு பொறுமை ஒரு அந்நிய மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? நல்ல சுபாவம் என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரன் குணம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பொருள் போக வேண்டுமே. ஆனால் அது சுபாவம் இல்லை, பழக்கம் என்று அவளுக்குப் பட்டது. சொல்லிச் சொல்லித் தேய்ந்த பழக்கம்.

டீ போடறேன் என்று அவன் உள்ளே போன பிறகு அவள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். சுவரில் ஆள் முகம் தெரிகிற உயரத்தில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுப்பாக, மேலே ஆணி அப்படியே இருந்தது. கண்ணாடி மாட்டியிருந்த இடம். ஷோகேசில் மரச்சட்டங்கள் மட்டும் இருந்தன, கண்ணாடிக் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே மாதா சொரூபம், அதன் முன் இரும்புக் கிண்ணத்தில் அணைந்துபோன மெழுகுவர்த்தி. குடிக்கிற டம்ளரிலிருந்து மெழுகுவர்த்திக் கிண்ணம்வரை இந்த வீட்டில் கண்ணாடியில் ஒரு சாமான்கூட இல்லை. டெட்டால் வாசனை வந்தது. டெட்டாலுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, அது என்ன என்று தெரிந்தும் அவள் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டாள். செத்துப்போன அப்பாவின் படம் எங்கே? மாலையோடோ மாலை இல்லாமலோ ஒரு படம் இருக்காதா, அதுவும் ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனுஷனுக்கு? கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். ஏதோ சரியில்லை, ஏங்க, வாங்க, வேற இடத்துல பாத்துக்கலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவர் அதற்குள் தோள்பையிலிருந்து தன் காமிராவை எடுத்து, அந்த லென்ஸை அதில் வைத்துத் திருகி, அது க்ளிக் என்று உட்கார்ந்தவுடன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் அவள் பக்கம் திரும்பினார்.  பார், சிரி என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எந்த வீட்டிலும் உட்காரலாம் என்று இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, ஜன்னல் மூடியிருந்தால் என்ன.

அப்போதுதான் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. லூர்துராஜின் இருமல் இல்லை. சமையலறை வலதுபக்கம், இது இடதுபக்க அறையிலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கிழட்டு நெஞ்சின் இருமல், அடியிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வருகிற மாதிரி. யாராவது இருப்பார்கள். மாமனாராக இருக்கும். பெரியப்பாவாக இருக்கும். இருமல் நின்று ஒரு குரல், பிலோமினா, பிலோமினா என்று கூப்பிட்டது. மறுபடியும் அதே குரல்: பிலோமினா, யாரு வந்திருக்கா, காமிரா சத்தம் கேட்டுதே?  ஒரு க்ளிக் சத்தம், கதவு மூடியிருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது, அதையும் தாண்டி அந்தச் சத்தத்தை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்கிற காது யாருடையதாக இருக்க முடியும்? அப்பா இல்லை சார். இவள் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அப்பா இல்லை. ரெண்டு தடவை சொன்னானே, வாய் கூசவில்லையே. உயிரோடு இருக்கிற அப்பனை இல்லை என்று சொல்லி அவன் பொருளை விற்கிற பிள்ளையா இவன்? அமுதனும் ஒருநாள் யாரோ ஒருவரிடம் அப்படிச் சொல்வானோ? சே, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இவனைப் பெற்றவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். நினைப்பு இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்ததில், பக்கத்தில் சோபா காலியாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. காமிராவோடு கனகசபை எழுந்து போய் அந்தக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டிருந்தார்.

"ஏங்க!" என்று எழுந்து ஓடினாள். அவள் குரல் கேட்டு லூர்துராஜும் கையில் இடுக்கியோடு சமையலறையிலிருந்து வந்தான். ரெண்டு பேரும் நிலைப்படியில் நின்றுவிட்டார்கள். உள்ளேயும் ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தது. கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து ஒரு கிழவர், எலும்பும் தோலுமாக, ஆனால் தலை படிய வாரி, பவுடர் போட்டு, சுத்தமான கைவைத்த பனியனோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் தடித்த காலுறையை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டியிருந்தது. அவர் கனகசபையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க வாங்க, பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றார்.

"இன்னும் வரலை. வெளிச்சம் பத்தலை" என்றார் கனகசபை.

"இந்தச் சர்ச்சுக்குள்ள எப்பவும் அப்படித்தான். லென்ஸை முழுசாத் திறந்து வெச்சுடுங்க. கை ஆடாம இருந்தாப் போதும்."

"கையெல்லாம் ஆடாது எனக்கு."

"தெரியுதே! பிடிச்சிருக்கறதப் பாத்தாலே தெரியுதே!"

மங்கை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ மாதமாக இவர் யாரோடும் இப்படிக் கேள்விக்குப் பதிலாக, பதிலுக்குக் கேள்வியாகப் பேசி அவள் கேட்டதில்லை. பேச்சில் ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லை. இரண்டு பேருக்கும் அங்கே சர்ச் தெரிகிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் வரப்போகிறார்கள். நிலைப்படியில் நிற்கிற இவளும் இவனும்தான் அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர்கள். அவளுக்கு முதலில் சந்தோஷம் போல ஒன்று வந்தது. அது பாதி தூரம் வந்து, தான் எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம் என்று உணர்ந்து, அங்கேயே உறைந்துபோனது. கிழவர் காலுறை போட்ட கைகளை நீட்டினார். "குடுங்க, நானும் ஒரு தடவை பாக்கறேன். இவனுங்க என் கையைக் கட்டிப் போட்டுட்டானுங்க." கனகசபை காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்து, பொறுப்பாக அந்த நாடாவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பித்தான் போடத் தெரியாத விரல்களுக்கு முடிச்சு மட்டும் சட்டென்று அவிழ்ந்தது. ஒரு கையின் காலுறை உருவிக்கொண்டு விழுந்தது.

"குடுக்காதீங்க சார்! வேணாம்!" என்று லூர்துராஜ் பாய்ந்து போய் அப்பாவின் கையைப் பிடித்தான். அப்போது மங்கை அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துவரம்பருப்பு அளவில் வட்ட வட்டமாகத் தழும்புகள். சில கறுத்து, சில இன்னும் சிவந்து. அம்மை இல்லை. சிகரெட் சூடும் இல்லை, அதைவிடச் சின்னது, அதைவிட ஒழுங்கானது. அவள் இவனைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, அவன் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவுக்கு மறுபடி காலுறையை மாட்டிக்கொண்டே பேசினான். "நான் பண்ணலை மேடம். அவரே பண்ணிக்கிட்டது. லென்ஸைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்திருப்பாரு, பிடிச்சதாச்சே, இருக்கட்டும்னு விட்டேன். ஒருநாள் கறி தீயற மாதிரி வாடை வந்தது, ஓடி வந்து பாத்தா வெயிலை லென்ஸ் வழியா கைமேல விட்டுட்டு அசையாம உக்காந்திருக்காரு. தோல் பொசுங்குது. வலிக்கலையாப்பான்னு கத்தறேன். இரு, இன்னும் ஃபோகஸ் ஆகலைங்கறாரு." அவன் நாடாவை மிருதுவாக, ஒரு விரல் நுழைகிற மாதிரித் தளர்வாகக் கட்டினான். "லென்ஸை ஒளிச்சு வெச்சேன். கண்ணாடி டம்ளர், மூக்குக்கண்ணாடி, எது கிடைச்சாலும் வெயில்ல காட்ட ஆரம்பிச்சாரு. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். வெயிலையும் எடுத்துட்டேன்." கிழவர் அதற்குள் இவர்களையெல்லாம் மறந்து, பிலோமினா என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார். "அம்மா பேரு" என்றான் லூர்துராஜ்.

மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். "இல்லைன்னு சொன்னீங்களே" என்றாள். "உங்க அப்பா இல்லைன்னு சொன்னீங்களே."

"இல்லைதானே மேடம்" என்றான் அவன். சாமர்த்தியமாகச் சொல்லவில்லை, மெல்லச் சொன்னான். கனகசபை சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டு லென்ஸைக் காமிராவிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லூர்துராஜ் சொன்னான்: "உங்களுக்கு இது வேணாம் அக்கா. வேற யாருக்காவது குடுத்துக்கறேன்." மேடம் எப்போது அக்கா ஆனது? எந்த நிமிஷத்தில் இவன் அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான்? "ஏன் வேணாம்?" என்றாள். அவன் குரலை இன்னும் தாழ்த்தி, "எப்போலேர்ந்து?" என்று கேட்டான்.

"எது எப்போலேர்ந்து?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். கேட்ட கையோடு தீபாவளி வந்து எதிரே நின்றது. விடிகாலை, எண்ணெய்க் கிண்ணத்தோடு அவரை எழுப்பப் போகிறாள், தெரு முழுக்க வெடி, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எங்க கலவரம், கதவைச் சாத்து மங்கை என்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தலையில் எண்ணெய் வைக்கும்போதும் சிரித்தாள். அந்தத் தலை அவள் உள்ளங்கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது, குளிர் என்று நினைத்தாள். அது விளையாட்டில்லை என்று அன்றைக்கே அவளுடைய கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குத்தான் இன்னும் தெரியவில்லை. இந்த லென்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தால் இவன் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டியதாகிவிடும். வாங்கிக்கொண்டு போனாலோ, நம் வீட்டு மேற்கு ஜன்னல், சாயங்காலம் சாப்பாட்டு மேஜைவரைக்கும் நீண்டு வருகிற வெயில், அங்கே போய் உட்காருகிற இவர். பொசுங்குகிற வாடை. அவள் மனசுக்குள் தன் வீட்டு ஜன்னல்களுக்கு அட்டை வெட்டி ஒட்டிப் பார்த்தாள். டேப் போட்டாள். அமுதன் வந்து கதவைத் திறந்து, என்னம்மா இது இருட்டு என்று கேட்கிறவரைக்கும் அந்த நினைப்பு போய்க்கொண்டே இருந்தது.

"மங்கை, வாங்கிடலாமா?" என்று கனகசபை கேட்டார். அவள் திரும்பினாள். அவர் லென்ஸின் பின்மூடியைச் சரியாகப் பொருத்தி, முன்மூடியைச் சரியாகப் பொருத்தி, அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போய்விட்டது. சாப்பிட்டாயிற்றா என்பது போய்விட்டது. தெரு போய்விட்டது. ஆனால் தட்டில் அந்தத் துண்டுகளைப் பார்த்த ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவராகவே வந்து, அந்த லென்ஸ் மாதிரியே ஒண்ணு கிடைக்குமான்னு பாரேன் மங்கை, ஐம்பது எம்.எம்., ஜெர்மன், மூக்கு உள்ளே மடங்கறது என்று சொன்னார். இப்போதெல்லாம் அவர் எதையும் கேட்பதில்லை. கேட்டது இது ஒன்றுதான். இன்னதென்று தெரிந்து, பெயர் சொல்லி, வேண்டும் என்று கேட்டது.

"குடுங்க தம்பி" என்றாள் லூர்துராஜிடம். "நான் பாத்துக்கறேன்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன் அக்கா."

"தெரியும். குடுங்க."

அவன் அதற்கு மேல் தடுக்கவில்லை. விலையைப் பற்றியும் இருவரும் வாயைத் திறக்கவில்லை, முன்னமே பேசிய பணத்தை அவள் ஃபோனில் அனுப்பினாள், அவன் பார்க்காமலே தலையாட்டினான். கைக்குட்டைப் பொட்டலத்தைக் கனகசபை தன் தோள்பையில் வைக்கப் போனபோது மங்கை கையை நீட்டி அதை வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவர், "என்கிட்டயே இருக்கட்டுமே" என்றார். "வீட்டுக்குப் போய்த் தரேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவருடைய பொருள் ஒன்றை அவர் கையிலிருந்து அவள் வாங்கிப் பூட்டியது இதுதான் முதல் தடவை. அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

அவள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். போய்விட்டால் போதும் என்று இருந்தது, போகவும் முடியவில்லை. உள்ளே கிழவர் மறுபடி இருமினார். லூர்துராஜ் கதவில் கை வைத்தபடி அவள் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். "தீபாவளிலேர்ந்து" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல், படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்து.  உலகத்தில் இன்னொரு ஆளுக்கு இது தெரிந்துவிட்டது. இனி இதை இல்லை என்று சொல்ல முடியாது. அவன் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை, கடவுள் இருக்கார் என்று சொல்லவில்லை. "என் நம்பரை அழிச்சுடாதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

படிக்கட்டில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கீழே எங்கோ அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அவள் நடையை எட்டிப் போட்டாள். தெருவுக்கு இறங்கியிருப்பார், பஸ் வருகிற தெரு, நான்கு பக்கமும் வண்டி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திருப்பத்தில் திரும்பியவள், இரண்டாம் மாடியில் அவரைப் பார்த்துவிட்டாள், அப்பாடா என்று மூச்சு வந்தது. அவர் ஒரு மூடிய கதவின் முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக விட்டுவிட்டு, அழைப்பு மணியை அழுத்திக்கொண்டிருந்தார். அவள் கூப்பிடுவதற்குள் கதவு திறந்தது. நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண், தூக்கம் கலைந்த முகத்தோடு, யாரு, என்ன வேணும் என்றாள். கனகசபை அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, ரொம்பக் களைத்துப்போன குரலில், ஆனால் மரியாதையாகக் கேட்டார்.

"மங்கை வந்துட்டாளா?"

அந்தப் பெண் கதவைப் பாதி சாத்தினாள். மேல் படியில் நின்றிருந்தவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மிச்சமிருந்த படிகளை இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"வந்துட்டேங்க" என்றாள்.